விற்றது போதும் (2025 ஜூலையில் ஒரு பட்டிமன்றப் பேச்சு)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஒரே ஆண்டில் 121 தோல்விகளைப் பார்த்த பிறகும் கறுப்பு வெள்ளைத் தொப்பியைக் கழற்றாமல் வந்து அமர்ந்திருக்கும் சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"மறுகட்டமைப்புக் காலத்தில் அணியைக் காப்பது நட்சத்திரங்களை விற்பதா, தக்கவைப்பதா?" என்பது இன்றைய தலைப்பு. தக்கவைப்பதே என்று பேச வந்திருக்கிறேன். 2025 ஜூலை 31ஆம் தேதியோடு வீரர் பரிமாற்றத்துக்கான கெடு முடிகிறது. அதற்குள் மிச்சம் இருப்பவர்களையும் விற்று, இளைஞர்களை வாங்கிப் போட்டால் நாளை நமதே என்றார் எதிரணித் தலைவர். கைதட்டலும் வாங்கினார். அந்த நாளை எந்த ஆண்டில் வரும் என்பதை மட்டும் சொல்லாமல் அமர்ந்துவிட்டார்.

நடுவர் அவர்களே, நாம் விற்காத அணியா? 2016 டிசம்பரில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் கிறிஸ் சேலை பாஸ்டனுக்கும், ஆடம் ஈட்டனை வாஷிங்டனுக்கும் அனுப்பினோம். 2017 ஜூலையில் ஹோசே கிந்தானாவை, வேறு யாருக்குமல்ல, இதே ஊரில் இருக்கும் கப்ஸ் அணிக்கே கொடுத்தோம். பதிலுக்கு மொன்காடா, கோப்பெக், ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபெஸ், எலோய் ஹிமேனெஸ், டிலன் சீஸ் என்று ஒரு பட்டாளமே வந்தது. அன்று நாடே நம்மைப் பாராட்டியது. எதிர்காலத்தை மொத்தமாகக் கொள்முதல் செய்துவிட்டோம் என்று நாமும் மார்தட்டினோம்.

விளைந்தது என்ன? 2020இலும் 2021இலும் கோப்பைக்கான பிளேஆஃப் என்ற வெளியேற்றுச் சுற்றுகளுக்குப் போனோம். இரண்டு முறையும் முதல் தொடரிலேயே வீடு திரும்பினோம். 2022இல் 81 வெற்றி, 81 தோல்வி. 2023இல் 101 தோல்வி. நாம் விற்ற கிறிஸ் சேல் 2018இல் பாஸ்டனோடு கோப்பைக்கான இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றார். நாம் விற்ற ஈட்டன் 2019இல் வாஷிங்டனோடு வென்றார். கோப்பை வாங்கிக் கொடுப்பதில் நம் அணிக்கு இணை கிடையாது. என்ன, அடுத்தவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிறோம்.

வாங்கிய அந்த ஆறு பேரில் இன்று ஒருவர்கூட நம்மிடம் இல்லை. அதிலும் டிலன் சீஸின் கதையைக் கேளுங்கள். கிந்தானாவை விற்று சீஸை வாங்கினோம். சீஸ் வளர்ந்தார், 2022இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்தார். வளர்ந்துவிட்டாரே, சும்மா விடலாமா? 2024 மார்ச்சில் அவரை சான் டியேகோவுக்கு விற்று ட்ரூ தோர்ப் முதலிய இளைஞர்களை வாங்கினோம். இந்த ஆண்டு தோர்ப்புக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை. சீசன் முழுவதும் ஆட முடியாது. எட்டு ஆண்டு வியாபாரத்தின் நிகர லாபம், கட்டுப்போட்ட ஒரு கை. விதைநெல்லை விற்று வேறு விதைநெல் வாங்கிக்கொண்டே இருந்தால் அறுவடை எந்த மாதத்தில் ஐயா?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸைக் காட்டினார். 2011, 2012, 2013 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நூற்றுக்கு மேல் தோற்று, 2017இல் கோப்பை வென்ற அணி. உண்மைதான். ஆனால் அந்தக் கோப்பையைத் தூக்கியவர்கள் யார்? அந்த ஆண்டின் மதிப்புமிக்க வீரர் ஹோசே அல்டூவே. அவரை வெனிசுவேலாவில் 15,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்தது 2007இல், தோல்விக் காலம் தொடங்கும் முன்பே. விலை ஏறியபோது அவரை விற்றார்களா? இல்லை. டாலஸ் கைக்கல் 2009 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். உலகத் தொடரின் சிறந்த வீரர் ஜார்ஜ் ஸ்பிரிங்கர், 2011 டிராஃப்டில் பதினோராவது இடத்தில் கிடைத்தவர். அதிகம் தோற்ற அணிக்கே அன்று டிராஃப்டில் முதலிடம்; அப்படித் தோற்றுத் தோற்றுச் சம்பாதித்த முதலிடங்களில் கார்லோஸ் கொரேயா தேறினார், ஒப்புக்கொள்கிறேன். 2013இன் முதல் தேர்வான மார்க் அப்பெல் ஹூஸ்டனுக்காக ஒரு பந்துகூட வீசவில்லை. 2014இன் முதல் தேர்வான பிரேடி ஐக்கனோடு ஒப்பந்தமே ஆகவில்லை. கடைசியில் 2017 ஆகஸ்டில் 34 வயது ஜஸ்டின் வெர்லாண்டரைக் கொண்டுவந்துதான் கோப்பையை எட்டினார்கள். (தங்களோடு மோதிய அணிகளின் ரகசியச் சைகைகளைத் திருடியதும் அதே ஆண்டில்தான். அந்த வழியை நண்பர் பரிந்துரைக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

சரி, ஹூஸ்டன் தொலைவு. நம் பிரிவிலேயே இருக்கும் கேன்சஸ் சிட்டி ராயல்ஸைப் பார்ப்போம். 2023இல் நமக்கு 101 தோல்வி, அவர்களுக்கு 106. நம்மைவிட மோசம். ஊரும் சிறியது, வருமானமும் குறைவு. அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்? சேத் லூகோ, மைக்கேல் வாக்கா என்ற அனுபவசாலிப் பந்துவீச்சாளர்களைச் சம்பளம் கொடுத்து அழைத்து வந்தார்கள். 23 வயதுப் பாபி விட் ஜூனியருக்கு 11 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 29 கோடி டாலர் கொடுத்து, நீ எங்கள் பிள்ளை என்று இருத்திக்கொண்டார்கள். அதே குளிர்காலத்தின் முடிவில் நாம் சீஸை விற்றோம். 2024 முடிவில் அவர்களுக்கு 86 வெற்றியும் பிளேஆஃப் இடமும். நமக்கு 41 வெற்றி.

டெட்ராய்ட் டைகர்ஸும் நம் பிரிவுதான். 2024 ஜூலையில் அவர்களும் சிலரை விற்றார்கள், மறைக்கவில்லை. ஆனால் டாரிக் ஸ்கூபலைத் தொடவில்லை. அந்த ஆண்டின் சை யங் விருது அவருக்கே. செப்டம்பர் 27ஆம் தேதி இரவு அவர்கள் மைதானத்தில் நாம் ஆடினோம். 4க்கு 1 என்று தோற்று, 1962இல் நியூயார்க் மெட்ஸ் வைத்திருந்த 120 தோல்விகள் என்ற நவீன காலச் சாதனையை முறியடித்தோம். அதே வெற்றியால் டைகர்ஸ் பத்தாண்டுகளுக்குப் பிறகு பிளேஆஃபுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் ஷாம்பெய்ன் பீய்ச்சினார்கள். நாம் வரலாற்றில் இடம்பிடித்தோம்.

அவ்வளவு தோற்றதற்கு டிராஃப்டில் முதலிடமாவது கிடைத்ததா? பெரிய வருமானம் உள்ள அணிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் முதல் ஆறு இடங்களுக்கான குலுக்கலில் பங்குபெற முடியாது என்பது விதி. 121 தோல்விக்கு இந்த ஜூலையில் கிடைத்தது பத்தாவது இடம். தோற்பதையாவது கணக்குப் பார்த்துத் தோற்க வேண்டாமா?

இனி பணம். ஆறு ஆண்டு ஆடி முடித்தவர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்பதால் நட்சத்திரம் எப்படியும் போய்விடுவார், அதற்குள் விற்றுக் காசாக்குவதே புத்திசாலித்தனம் என்றார் எதிரணித் தலைவர். கேரட் குரோஷேவை எடுத்துக்கொள்வோம். 2020 டிராஃப்டில் நாமே எடுத்து, காயத்திலிருந்து நாமே மீட்டு எடுத்த இடக்கைப் பந்துவீச்சாளர். 2024இல் அந்தச் சபிக்கப்பட்ட அணியில் நின்றுகொண்டு பந்தை அடிக்கவிடாமல் 209 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். இன்னும் இரண்டு ஆண்டு நம் கட்டுப்பாட்டில் இருந்தார். டிசம்பரில் பாஸ்டனுக்கு விற்றோம். ஏப்ரலில், சீசன் தொடங்கிய சூட்டோடு, பாஸ்டன் அவருக்கு ஆறு ஆண்டுக்கு 17 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அவரும் கையெழுத்துப் போட்டார். ஆக, தங்க மனமில்லாதவர் அல்ல அவர். அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்து அணியான நாம், நம் வரலாற்றிலேயே கொடுத்திருக்கும் மிகப் பெரிய ஒப்பந்தம் ஏழரைக் கோடி டாலர். சென்ற செப்டம்பரில் நம் மைதானத்திலேயே ரசிகர்கள் "அணியை விற்றுவிடு!" என்று முழங்கினார்கள். வீரர்களை அல்ல, அணியை! விற்றுத்தான் ஆக வேண்டும் என்று எதிரணி பிடிவாதம் பிடித்தால், அந்த ஒரு விற்பனைக்கு நானும் உடன்படுகிறேன்.

இளைஞர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஆண்டு சிறந்த வீரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வான நம் ஷேன் ஸ்மித் எப்படி வந்தார்? பிற அணிகள் தங்கள் முதன்மைப் பட்டியலில் வைக்காத வீரர்களை எடுக்கும் ரூல் 5 தேர்வில், ஒரு லட்சம் டாலருக்கு. கடைசி இடத்தில் இருந்ததால்தான் அங்கே முதலில் எடுக்க முடிந்தது என்பீர்கள். இருக்கட்டும்; அதற்காக எந்த நட்சத்திரத்தையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லையே! லூயிஸ் ராபர்ட் 2023இல் 38 ஹோம் ரன் அடித்தவர். இந்த ஆண்டு தடுமாறுகிறார். தடுமாறுகிற நேரத்தில் சந்தைக்கு ஓட்டிப் போனால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். புதிய போப் பதினான்காம் லியோவே நம் ரசிகர், 2005 உலகத் தொடரை மைதானத்தில் அமர்ந்து பார்த்தவர். அவர் பிரார்த்தனை பலித்தாலும் களத்தில் இறங்க ஆள் வேண்டுமல்லவா?

மணி அடித்துவிட்டார் நடுவர். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. குரோஷேவுக்குப் பதிலாக வந்த கைல் டீல் இப்போதுதான் நம் அணியில் ஆடத் தொடங்கியிருக்கிறார். உங்கள் கணக்குப்படியே எல்லாம் நடந்து, மூன்று ஆண்டில் அவர் நாட்டின் தலைசிறந்த கேட்சராகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அன்று அவரை வைத்துக்கொள்வீர்களா, விற்பீர்களா? வைத்துக்கொள்வோம் என்றால் எழுந்து எங்கள் பக்கம் வந்து உட்காருங்கள். விற்போம் என்றால், அதை இந்த ரசிகர்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.