தொடக்கத்தில் நின்றுபோகும் லினக்ஸ்: முதலில் திரையை வாசியுங்கள்

[திரையில்: உபுண்டு சின்னம், கீழே சுழலும் வட்டம்]

வணக்கம். இந்த மடிக்கணினி கொட்டகலையில் பின்னேர வகுப்பு நடத்தும் என் நண்பருடையது. மின்கலம் பழுதானதால் எந்நேரமும் மின் இணைப்பிலேயே ஓடுகிறது. நேற்று மழையோடு மின்சாரம் போனபோது அப்படியே அணைந்தது. இன்று காலை முதல் வட்டம் சுழல்கிறதே தவிர, நுழைவுத் திரை வரவில்லை. மழைதான் காரணம் என்று முடிவு கட்டி, உபுண்டு என்ற இந்த லினக்ஸ் இயங்குதளத்தை மறுபடி நிறுவச் சொல்கிறார். இப்படி நிற்கும் கணினி பெரும்பாலும் உறைந்துபோயிருப்பதில்லை, எதற்காகவோ காத்திருக்கிறது. அதற்குள் நிறுவல் வட்டைத் தேடுவது வீண் வேலை.

மின்விசையை அழுத்திப் பிடித்து அணைக்காதீர்கள். ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்தபடி எஸ் (S), யு (U), பி (B) என்ற எழுத்துகளைச் சில விநாடி இடைவெளியில் தட்டினால், நினைவகத்தில் உள்ள தரவு வட்டில் எழுதப்பட்டு, வட்டு வாசிக்க மட்டுமான நிலைக்கு மாறி, அதன் பின்னரே கணினி மீளத் தொடங்கும்.

தொடங்கும்போது எஸ்கேப் விசையை, பழைய கணினியானால் ஷிஃப்ட் விசையை அழுத்தினால் லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப் என்ற நிரலின் பட்டியல் வரும். அதில் 'இ' (e) விசையைத் தட்டி, 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியின் இறுதியிலுள்ள 'குவயட்' (quiet), 'ஸ்பிளாஷ்' (splash) என்ற இரண்டு சொற்களையும் நீக்கி, எஃப்10ஐ அழுத்துங்கள். இந்த மாற்றம் இந்த ஒரு தடவைக்கு மட்டுமே.

[திரையில்: ஓடும் வரிகள், கடைசி வரியில் நகரும் சிவப்பு நட்சத்திரங்கள்]

கடைசி வரியைப் பாருங்கள். ஒரு வட்டின் நீண்ட அடையாள எண்ணும், அருகில் 1 நிமிடம் 30 விநாடியை நோக்கி ஏறும் கணக்கும் தெரிகின்றன. வட்டு கிடைக்காவிட்டால், தொடக்க வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி என்ற நிரல் வழக்கமாக 90 விநாடி காத்திருந்து, பின்னர் கட்டளைகளைத் தட்டச்சு செய்து பழுது பார்க்கும் அவசர நிலைக்குச் செல்லும். நண்பரோ ஒரு நிமிடம்கூடப் பொறுக்காமல் அணைத்து அணைத்துப் போட்டதால், அந்தக் கணக்கு முடிவதை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

அந்த வட்டு எது? பாடக் காணொளிகள் உள்ள வெளி வன்தட்டு. தொடக்கத்தில் எந்தெந்த வட்டுகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில் அதற்கான வரியைப் போன மாதம் எழுதிக் கொடுத்தவனே நான்தான்; நேற்று அவர் அதைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறார். மழைமீது பழி இல்லை.

[திரையில்: எஃப்எஸ்டேப் கோப்பு]

அவசர நிலையில் என்டரை அழுத்தி, கேட்டால் கடவுச்சொல்லும் கொடுத்து, இந்தக் கோப்பைத் திறக்கிறேன். அந்த வன்தட்டுக்கான வரியில் 'டிஃபால்ட்ஸ்' (defaults) என்ற சொல்லுக்குப் பின்னால் இடைவெளியின்றி ஒரு காற்புள்ளி இட்டு 'நோஃபெயில்' (nofail) என்று சேர்த்தால், வட்டு இல்லாவிட்டாலும் தொடக்கம் தடைபடாது. எழுத முடியவில்லை என்று வந்தால், மூலப் பகிர்வை, அதாவது லினக்ஸ் இருக்கும் வட்டுப் பகுதியை, எழுதும் நிலையில் மீள இணைத்துவிட்டுச் சேமியுங்கள்.

வரிகளே வராமல் திரை கறுத்துப்போனால், வரைகலை இயக்கியைச் சந்தேகித்து, அதே கிரப் வரியில் 'நோமோட்செட்' (nomodeset) சேர்த்துப் பாருங்கள். வட்டின் பிழைகளைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே (fsck) என்ற கட்டளையை ஓட்டச் சொல்லிக் கேட்டால் மட்டுமே மின்வெட்டு வட்டைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை இணைக்கப்படாத பகிர்வில்தான் ஓட்டலாம்.

[திரையில்: வன்தட்டு இல்லாமலே நுழைவுத் திரை வருகிறது]