காமாலைக்குப் பிறகு ஒரு வாரம்

நேயர்களுக்கு வணக்கம். உடம்பு தேறிய கதையைச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். மருந்து மாத்திரை பற்றி எதிர்பார்த்திருப்பார்கள். நான் ஊர் சுற்றிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

சித்திரைக் கடைசியில் எனக்கு மஞ்சள் காமாலை. ஒரு கல்யாண வீட்டுத் தண்ணீர் மேல்தான் எனக்குச் சந்தேகம். தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவுகிற ஹெபடைட்டிஸ் ஏ, தனியாக மருந்து கிடையாது, ஓய்வுதான் என்றார் டாக்டர். மதினி விடுவார்களா? கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி நீட்டினார்கள். இரண்டு பேருக்கும் பயந்து இரண்டையும் கேட்டேன். ஆறு வாரம் தாளிதம்கூடக் கிடையாது. பிரானூர் பார்டர் பரோட்டா வாங்க எங்கிருந்தெல்லாமோ கார் வருகிறது, பக்கத்துச் செங்கோட்டையில் நான் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தேன்.

வீடு ஸ்டேஷன் பக்கம். படுத்தவளுக்கு ரயில்தான் கடிகாரம். மலையேறும் வண்டிக்குப் பின்னாலும் ஓர் எஞ்சின் மாட்டித் தள்ளுவார்கள். முன்னால் ஒன்று ஊதும், பின்னால் இருப்பது பதில் ஊதும். எழுந்ததும் முதல் வேலை அந்த வண்டியில் ஏறுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆனி மாதம், சாரல் பிடித்த சமயம். திங்கட்கிழமை மதினியும் நானும் புனலூருக்கு டிக்கெட் எடுத்தோம். பகவதிபுரம் தாண்டினால் குகை. நுழையும்போது தமிழ்நாடு, வெளியே வந்தால் கேரளம். உள்ளே சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். சரி, நாங்களும் கத்தினோம். ஆரியங்காவில் மழை கொட்டியது.

அப்புறம் பதின்மூன்று கண் பாலம். இதைப் பற்றி என்னைப் பேசவிட்டால் நிறுத்த மாட்டேன், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 1904இல் இந்த மலைப்பாதை திறந்தபோது வந்த கல் பாலம். அகலப்பாதைக்காக 2010இல் வண்டியை நிறுத்தினார்கள், மறுபடி மலை முழுக்க ரயில் ஓட 2018 ஆகிவிட்டது. இதையெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள் வண்டி தாண்டிவிட்டது. மதினி கேட்டார்கள், "எங்கே உன் பாலம்?"

"இப்பதானே மதினி மேலே போனோம்!"

"நான் மரத்தைத்தான் பார்த்தேன்."

உண்மைதான். பாலத்தின் மேலே போகிறவருக்குப் பாலம் தெரியாது. இத்தனை வருஷம் இந்த வண்டியில் போன எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. ஆகையால் செவ்வாய்க்கிழமை, திட்டத்தில் இல்லாமலே, பஸ் ஏறிக் கழுதுருட்டிப் பக்கம் இறங்கினோம். கீழே ரோடு, பக்கத்தில் ஆறு, அண்ணாந்தால் வரிசையாகப் பதின்மூன்று வளைவுகள். மதினி விரல் விட்டு எண்ணினார்கள். பன்னிரண்டு வந்தது. மறுபடி எண்ணினார்கள். ரயில் வரட்டும் என்று குடையோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். ஆறு வாரம் காதால் கேட்ட இரண்டு எஞ்சினும் அன்றைக்குத்தான் ஒன்றாகக் கண்ணில் பட்டன.

புனலூரை விட்டுவிட்டேனே! அங்கே கல்லடையாற்றின் மேல் 1877இல் கட்டி முடித்த தூக்குப்பாலம் இருக்கிறது. சங்கிலியில் தொங்குகிற பாலத்தில் கால் வைக்க ஊர்க்காரர்கள் பயந்தார்களாம். கட்டிய எஞ்சினியர் குடும்பத்தோடு அடியில் படகில் போக, மேலே ஆறு யானைகளை நடத்திக் காட்டினார் என்று சொல்வார்கள். மதினி அதைக் கேட்டுவிட்டு, அந்த எஞ்சினியர் சம்சாரம் என்ன சொன்னாளோ என்றார்கள்.

புதன்கிழமை ஓய்வு என்று டாக்டரிடம் சொல்லியிருந்தேன். போனது தென்காசிக் கோவிலுக்கு. கோபுர வாசலில் ஆளைத் தள்ளுமே ஒரு காற்று, போனவர்களுக்குத் தெரியும். எட்டு கிலோ இளைத்திருந்த என்னை அது உள்ளேயே கொண்டுபோய்விட்டது. பூக்காரம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

வியாழன் இலஞ்சி, வெள்ளி பண்பொழித் திருமலை. படியேறவில்லை, ஆட்டோதான். சனிக்கிழமை ஐந்தருவி. குளிக்கவில்லை, சாரலில் நின்றதே குளித்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை பார்டருக்குப் போனதை விரிவாகச் சொல்ல எழுதி வந்திருக்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். பாலம் தின்றுவிட்டது நேரத்தை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் போனேன். ஒன்றரை பரோட்டா, சால்னா தொடாமல். மீதி அரையை மதினி எடுத்துக்கொண்டார்கள். வணக்கம்.