வீட்டிலிருந்து வேலை: குடியாத்தத்துக்குத் தெரிந்த கதை

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். தாய்மார்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

‘வீட்டிலிருந்து வேலை: நன்மையா, தீமையா’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான் இப்படி ஒரு வேலைமுறை பிறந்தது என்று பலரும் பேசுகிறார்கள். குடியாத்தத்தில் நின்றுகொண்டு அப்படிப் பேச முடியாது. இங்கேயும் பேரணாம்பட்டிலும் எத்தனை வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிறார்கள்! ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போனால், ஷூவின் மேல்பாகத்தை வாங்கி வந்து, ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வாசலில் உட்கார்ந்து கைத்தையல் போடும் பெண்களைப் பார்க்கலாம். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வேலைமுறை.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. நம் பிள்ளைகள் படித்து முடித்ததும் சென்னை, இல்லாவிட்டால் பெங்களூரு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காட்பாடி ஜங்ஷனில் பையோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். போய்ச் சேர்ந்தால் மூன்று பேர் பங்கு போடும் ஹாஸ்டல் அறை, அதற்கு அட்வான்ஸ், வாடகை, கடைச் சாப்பாடு. அதே பிள்ளை இங்கே இருந்தால் அந்தப் பணம் வீட்டில் தங்கும், அப்பாவை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் ஆள் இருக்கும். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டிருக்க வேண்டிய பெண்கள் இதனால் சம்பளத்தை விடாமல் இருக்கிறார்கள். என் கணக்கில் மற்ற எல்லா நன்மையையும்விட இது பெரியது.

ஆய்வும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவர் குழுவும், சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் கால் சென்டர் ஊழியர்களை வைத்துச் செய்த சோதனையை 2015-இல் வெளியிட்டார்கள். வீட்டிலிருந்தவர்கள் 13 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். வேலையை விட்டுப் போவதும் பாதியாகக் குறைந்தது. ஆனால் சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை. வீட்டிலிருந்தவர்கள், அலுவலகத்தில் இருந்தவர்கள் அளவுக்கு வேலை காட்டியும் பதவி உயர்வில் பின்தங்கினார்கள். 2024-இல் வந்த அடுத்த ஆய்வில், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வில் அந்தப் பாதிப்பு வரவில்லை. அதனால் முதல் வேலையில் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வாரம் முழுக்க வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பக்கத்து மேசைக்காரர் ஒரு சிக்கலை எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்த்துக் கற்பது வீடியோ காலில் வராது.

சரி, இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் அம்மா பீடி சுற்றியவர். இலையில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. சமையல் முடிந்ததும் இலையை அளவுக்குக் கத்தரிப்பார். முறத்தை மடியில் வைத்து, புகையிலைத் தூளைப் போட்டு உருட்டி, முனையை மடக்கி நூல் கட்டுவார். எங்களைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லும்போதும் கை ஓடும், விருந்தாளி வந்தாலும் ஓடும். நாங்கள் தூங்கிய அறையிலும் அந்தத் தூள் நெடிதான்.

சாயங்காலம் ஒப்படைக்கப் போனால், இலையும் தூளும் கொடுத்துப் பீடியை வாங்கிக்கொள்ளும் ஏஜென்ட் கட்டைப் பிரித்துக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். ஒல்லி என்று கொஞ்சம், முனை சரியில்லை என்று கொஞ்சம் கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை ஆயிரம் பீடிக்குப் போதாவிட்டால் கைக்காசு போட்டு வாங்கி எண்ணிக்கையை நேர் செய்ய வேண்டும். ஏன் என்று கேட்க நாலு பேர் சேர வழியில்லை. அவரவர் வீட்டில் அவரவர்.

அம்மாவைப் போலவே, லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளைக்கும் இடம் சொந்தச் செலவு, கரண்ட் சொந்தச் செலவு, நாற்காலி சொந்தச் செலவு. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் பகல் முழுக்க ஏசி ஓடினால் என்ன ஆகும்? இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுக்கும் சேர்த்துக் கூடுகிறது. ஆபீஸ் கட்டியிருக்க வேண்டிய பில்லை அப்பா கட்டுகிறார். அப்புறம் நேரம். ராத்திரி பத்து மணிக்கு அழைப்பு வந்தால், ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்கிறார்கள். மருமகள் என்றால் வீட்டிலும் அதே வார்த்தை: வீட்டில்தானே இருக்கிறாய், ஒரு காபி போடக்கூடாதா?

பீடித் தொழிலாளர்கள் இதில் நமக்கு முன்னோடிகள். வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது. அப்படியும் வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப்., என்று வந்தபோது, எங்கள் கண் முன்னால் நடக்காத வேலை, அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சுற்றி வந்ததைப் பார்த்துக் கழிக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதே, அதுதான் கட்டுப்பாடு என்று 1985-இல் நீதிமன்றம் சொன்னது. அம்மாவை அழவைத்த அந்தக் கழிவே, பி.எஃப். வாங்கித் தரும் ஆதாரமாகிவிட்டது! அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

படித்த பிள்ளைகளும் இப்படிக் கேட்க வேண்டும். வேலை நேரம் எத்தனை மணிக்கு முடிகிறது, கரண்டுக்கும் இணையத்துக்கும் யார் பணம் தருவது என்பதை வேலைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம்மால் முடியாதா? தனியாகக் கேட்டால் பயமாக இருக்கும், ஒரே டீமில் பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள்.

இந்த ஊரில் இணையமும் இன்வெர்ட்டரும் உள்ள ஒரு பொதுக்கூடம் வேண்டும் என்று நகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறோம். வீட்டில் இடமில்லாதவர்கள் அங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம். தாள் வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பீடி சுற்றும் தாய்மார்கள், பி.எஃப். கணக்கில் பணம் ஏறுகிறதா என்று தெரியாவிட்டால் கொஞ்சம் இருங்கள். நம் பிள்ளைகள் போனிலேயே பார்த்துச் சொல்வார்கள்.