ராத்திரி மிருதங்கம், லினக்ஸ், அப்புறம் அந்த பட் பட் சத்தம்

வணக்கம் மக்களே, யீஷூன் வீட்லேந்து பேசுறேன், பின்னாடி ஃபேன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. நம்ம கதை தெரியும்ல, எச்டிபி வீட்ல, அதாவது சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடில, ராத்திரி பத்து மணிக்கு மேல மிருதங்கத்த தொட்டா கீழ் வீட்டு அங்கிள் கதவத் தட்டிருவாரு, அதனால எலக்ட்ரானிக் பேடு ஒண்ண லினக்ஸ் லேப்டாப்ல மாட்டி ஹெட்ஃபோன்ல வாசிக்கிறேன்.

தட்டுறதுக்கும் காதுல விழுறதுக்கும் நடுவுல ஒரு இழுவை. ஜாக்னு சத்தத்தக் கொண்டு போற சாஃப்ட்வேர்ல பஃபர், அதாவது ஒரு தடவைக்கு சேத்து வைக்கிற சத்தத் துண்டு, 1024, அந்த மாதிரி ரெண்டு தொகுப்பு (பீரியட்), பெருக்கி, செகண்டுக்கு 48000 துண்டுன்னு வகுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட 43 மில்லிசெகண்ட், துரித காலத்துல சொல்லுக்கட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிரும். 128-க்கு இறக்கி மூணு பீரியட் வச்சேன், யூஎஸ்பி சவுண்ட் கார்டுக்கு மூணுதான் ஒத்து வரும், 8 மில்லிசெகண்ட். அதாவது ரெண்டே முக்கா மீட்டர் தள்ளி உக்காந்து யாரோ வாசிக்கிற மாதிரி, அது பரவால்ல. ஆனா பட் பட்னு வெடிக்குது, எக்ஸ்ரன் எண்ணிக்கை, அதாவது சத்தம் நேரத்துக்கு வந்து சேராம விட்டுப்போன தடவை, டாக்ஸி மீட்டர் மாதிரி ஏறுது.

உடனே எல்லாரும் சொல்றது, ரியல்டைம் கெர்னல் போடுன்னு, அதாவது லினக்ஸோட மையப் பகுதியவே நேரம் தவறாத வகைக்கு மாத்துன்னு. இருபது வருஷமா வெளிய பேட்ச்சா, தனி ஒட்டா கிடந்தது 2024 நவம்பர்ல வந்த 6.12 வெர்ஷன்லேந்து மெயின் கெர்னல் உள்ளயே இருக்கு, நானும் ரெண்டு ராத்திரி முழிச்சு அத மூலக் கோட்லேந்து கம்பைல் பண்ணேன். இது மெஷின வேகமாக்காதுங்க, சொல்லப்போனா மொத்த வேலை கொஞ்சம் குறையும், ஆனா சமத்துல வந்து விழ வைக்கும். நூறு ஆவர்த்தனம் சரியா வந்து ஒண்ணு தப்புனா சபைல அந்த ஒண்ணுதானே கேக்கும், இங்கயும் அதே கதைதான், சராசரிய வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

போட்டும் வெடிச்சுது! அப்புறம்தான் பாக்குறேன், ஜாக் முதல்லயே கத்திக்கிட்டு இருக்கு, ரியல்டைம் முன்னுரிமை எடுக்க அனுமதி இல்லன்னு. ஐயோ, ஆடியோ குரூப்ல என் பேரே இல்ல லா! லிமிட்ஸ் ஃபைல்ல அந்த குரூப்புக்கு ஆர்டிபிரயோ (முன்னுரிமை வரம்பு) 95, மெம்லாக் (மெமரிய பூட்டி வைக்கிற வரம்பு) அன்லிமிடெட், குரூப்ல பேரச் சேத்து லாகவுட் பண்ணி உள்ள வந்தேன், முக்காவாசி போயிருச்சு.

மிச்சம் வைஃபை. சாதா கெர்னல்ல அதோட இன்டரப்ட், அதாவது இப்பவே என்ன கவனின்னு வர்ற குறுக்கீடு, வந்தா ஆடியோ எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் ஒதுங்கி நிக்கணும். கெர்னல் கிளம்பும்போது படிக்கிற பூட் லைன்ல த்ரெட்ஐஆர்க்யூஸ்னு போட்டா அந்த இன்டரப்ட் வேலையும் வரிசைக்கு வந்துரும், ஆடியோவுக்கு அதவிட மேல முன்னுரிமை குடுத்தா முந்திக்கும். கூடவே பிரீஎம்ப்ட்ட, அதாவது ஓடுற வேலைய நடுவுல நிறுத்தி இன்னொண்ண முன்னால விடுற அமைப்ப, ஃபுல்லுன்னு வச்சு, சிபியூ வேகத்தப் பாத்துக்குற கவர்னர பெர்ஃபார்மன்ஸ்ல தள்ளுனேன், வாசிக்கும்போது வைஃபையையும் அணைச்சிருவேன்.

இதெல்லாம் பழைய சாதா கெர்னல்லதாங்க, நான் கம்பைல் பண்ணத அப்பவே தூக்கிட்டேன். நேத்து ஒரு மணி நேரம் வாசிச்சேன், எக்ஸ்ரன் பூஜ்யம். பஃபர் 64 வச்சா இன்னும் எட்டிப் பாக்குது, அத நான் விட்டுட்டேன்.