வழிகாட்டுவது தொகுதியே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ஆராய்ச்சிக்கு வழிகாட்டுவது தனிமத்தின் தனித்தன்மையா, அல்லது தனிம அட்டவணையில் அது சேர்ந்திருக்கும் தொகுதியா, அதாவது குணத்தில் ஒத்த தனிமங்கள் மேலும் கீழுமாக நிற்கும் குடும்பமா? இதுதான் தலைப்பு. நான் தொகுதியின் பக்கம். நேராகக் கதைக்கு வந்துவிடுகிறேன்.

1869-இல் ரஷ்யாவின் மெண்டலீவ், அன்று தெரிந்திருந்த 63 தனிமங்களை அணு எடைப்படி அடுக்கினார். குணத்தில் ஒத்தவை ஒரே தொகுதியில் வரவேண்டும் என்பதற்காகச் சில கட்டங்களை வெறுமையாக விட்டார். அலுமினியத்தின் தொகுதியிலும் ஒரு வெற்றுக் கட்டம். அதைச் சும்மா விடவில்லை. அங்கே வரப்போகும் தனிமத்தின் அணு எடை சுமார் 68, அடர்த்தி தண்ணீரைப் போலச் சுமார் 6 மடங்கு, குறைந்த வெப்பத்திலேயே உருகும் என்று 1871-இல் அச்சிலேயே போட்டுவிட்டார்.

நான்கு வருடம் போனது. பிரான்சில் லெகோக் டி புவாபோத்ரான் என்ற வேதியியலாளர் பைரனீஸ் மலைச் சுரங்கத்துத் துத்தநாகத் தாதுவை, ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய ஒளிக்கோடுகளைக் காட்டும் நிறமாலைமானியில் பார்க்கிறார். யாரும் பார்த்திராத இரண்டு ஊதாக் கோடுகள்! புதிய தனிமம். காலியம் என்று பெயரிட்டார். அடர்த்தியையும் அளந்தார். 4.7 வந்தது.

இந்தச் செய்தி மெண்டலீவிடம் போகிறது. அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் கணிப்பு பிசகிவிட்டது என்றுதானே? சொல்லவில்லை. உங்கள் மாதிரி சுத்தமாக இல்லை, சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள் என்றார்!

கொஞ்சம் யோசியுங்கள். ஒருவர் கையில் பொருள் இருக்கிறது. நிறுத்துப் பார்த்தவர், தொட்டுப் பார்த்தவர், உலகிலேயே அதை முதலில் கண்டவர் அவர்தான். இன்னொருவர் பல நாடுகளுக்கு அப்பால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறார். அந்தப் பொருளில் ஒரு துகளைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. காணாதவர் கண்டவரிடம் சொல்கிறார், உன் அளவு தப்பு என்று! லெகோக்குக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் அவர் பெரிய மனிதர். மறுபடி சுத்தம் செய்தார், மறுபடி அளந்தார். எவ்வளவு வந்தது தெரியுமா? 5.9! சரியாக 5.9! உருகுநிலை? 30 டிகிரிகூட இல்லை, உள்ளங்கையில் வைத்தால் உருகிவிடும்.

காணாதவருக்கு எப்படித் தெரிந்தது? மேலே அலுமினியம், கீழே இண்டியம், பக்கத்தில் துத்தநாகம். சுற்றி இருப்பவர்களை வைத்தே நடுவில் இருப்பவரைச் சொன்னார். எதிரணி இதை அதிர்ஷ்டம் என்றால், 1879-இல் ஸ்காண்டியமும் 1886-இல் ஜெர்மானியமும் அவர் சொன்னபடியே வந்து உட்கார்ந்ததை என்னவென்பது?

இப்போது எதிரணித் தோழி சொன்னதற்கு வருகிறேன். அவர் கேட்டார்: "குடும்பம் குடும்பம் என்கிறீர்களே, முதல் தொகுதியில் லித்தியம், சோடியம், பொட்டாசியம் எல்லாம் உலோகம். தலைமாட்டில் ஹைட்ரஜன் வாயுவாக உட்கார்ந்திருக்கிறதே, அது குடும்ப உறுப்பினரா, மாடியில் இருக்கும் வாடகைக்காரரா?" அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், நல்ல கேள்வி. பதிலையும் கேளுங்கள்.

ஹைட்ரஜனை எங்கே வைப்பது என்று வேதியியலாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 1935-இல் விக்னர், ஹண்டிங்டன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் என்ன சொன்னார்கள்? இந்த வாயுவைப் போதுமான அளவு அழுத்தினால் உலோகமாகிவிடும் என்றார்கள். வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான், சோடியத்துக்கு இருப்பது போலவே. 1996-இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் திரவ ஹைட்ரஜனை ஏறத்தாழ 14 லட்சம் வளிமண்டல அழுத்தத்துக்குத் தள்ளினார்கள். உலோகத்தைப் போல மின்சாரம் கடத்தியது! தோழி வானத்தைப் பார்க்கட்டும். வியாழன் கோளின் உள்ளே பெரும்பகுதி இந்த உலோக ஹைட்ரஜன்தான், அக்கோளின் பிரம்மாண்டமான காந்தப்புலமே அதிலிருந்துதான் பிறக்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். வாடகைக்காரரா அவர்? நெருக்கடி வந்ததும் யார் வீட்டுப் பிள்ளை என்று காட்டிவிட்டார் அம்மா!

அமெரிக்க வேதியியலாளர் சீபோர்க், யுரேனியம் சேர்ந்த ஆக்டினைடு தனிமங்களை அட்டவணையில் தனி வரிசையாக இறக்கி வைத்தபிறகுதான் அமெரிசியம், கியூரியம் என்ற புதிய தனிமங்கள் பிடிபட்ட கதையையும் சொல்ல நினைத்தேன். நடுவர் மணியைத் தொடுகிறார். அப்புறம், மனதில் கிடப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

1950-களில் வெட்டவெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. அவற்றிலிருந்து வந்த ஸ்ட்ரான்ஷியம்-90 என்ற கதிரியக்க நஞ்சு மழையோடு புல்லில் இறங்கியது. பசு மேய்ந்தது, பாலில் வந்தது, குழந்தை குடித்தது. ஸ்ட்ரான்ஷியம் இரண்டாம் தொகுதி, கால்சியத்துக்கு நேர் கீழே. உடம்புக்கு வித்தியாசம் தெரியவில்லை. கால்சியம் என்று நம்பி எலும்பிலும் பல்லிலும் வைத்துக் கட்டியது. எங்கே தேட வேண்டும் என்று சொன்னதும் அதே தொகுதிதான். 1958-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். லூயிஸ் ரெய்ஸ் என்ற பெண் மருத்துவர் முன்னின்றார். தாய்மார்கள் பிள்ளையின் பல்லை உறையில் போட்டு அனுப்பினார்கள். ஒன்றல்ல, பத்தல்ல, ஏறத்தாழ 3 லட்சம் பற்கள்! சோதித்தால், வருடத்துக்கு வருடம் பிறந்த பிள்ளைகளின் பற்களில் அந்த நஞ்சு கூடிக்கொண்டே போகிறது. அந்தத் தாய்மார்களின் பயம் உலகத்தின் காதில் விழுந்தது. 1963-இல் வெட்டவெளிச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது.

அதே இரண்டாம் தொகுதியில் இன்னும் கீழே ரேடியம். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய நோயாளிக்கு இன்று ரேடியம்-223 என்ற கதிரியக்க மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள், 2013-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் கால்சியம் போலவே எலும்பைத் தேடிப்போகிறது, போன இடத்தில் புற்றுச் செல்களைத் தாக்குகிறது. ஆய்வில் கிடைத்த கூடுதல் ஆயுள் ஏறத்தாழ மூன்றரை மாதம். மூன்றரை மாதம் கொஞ்சம் என்று சொல்லாதீர்கள். அப்பாவோடு இன்னும் மூன்றரை மாதம் இருக்க முடிந்த மகளிடம் கேளுங்கள், அது எவ்வளவு என்று அவள் சொல்வாள்.

அந்த மருந்துக்கு எலும்புக்கு வழி சொன்னது இரண்டாம் தொகுதி. தீர்ப்பை எங்கள் அணிக்கே தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.