திவசச் சமையலில் தக்காளி ஏன் இல்லை?

அடுத்த கேள்வி: "எங்கள் வீட்டில் திவசத்தன்று தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எதுவும் சேர்ப்பதில்லை. கேட்டால், அதெல்லாம் இங்கிலீஷ் காய் என்கிறார் பாட்டி. அப்படியென்றால் தினமும் வைக்கிற சாம்பார் மட்டும் எப்படி நம்முடையது? திவசத்துக்கு கேரட் போடலாமா?"

பாட்டி சொல்வது முக்கால்வாசி சரி. இந்த மூன்றுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தாரே, அதற்கப்புறம் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது மிளகாய். அதுவரை நம் காரத்துக்கு மிளகுதான். மிளகு மலையில் விளைவது, காசு கொடுத்து வாங்க வேண்டும். மிளகாயோ கொல்லையில் நட்டாலே காய்க்கும். காயவைத்தால் வருஷத்துக்கும் வரும். சமையலில் காரத்துக்கு இடம் ஏற்கெனவே இருந்தது, ஆள்தான் மாறினார். சாம்பாரில் அவர் உட்கார்ந்தது அப்படித்தான்.

பித்ரு காரியத்தில் மட்டும் புது ஆளுக்கு இடமில்லை. மிளகு, சீரகம், தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகற்காய், பிரண்டைத் துவையல் என்று பழைய சமையல் அப்படியே இருக்கிறது. திவசச் சாப்பாட்டுக்கு வந்த விசுவாமித்திரர் 1,008 கறி கேட்க, பாகற்காய்க்கு 100, பிரண்டைக்கு 300, பலாக்காய்க்கு 600, மற்றபடி எட்டுக் காய் என்று வசிஷ்டர் வீட்டில் கணக்கை நேர் செய்தார்களாம். அந்தப் பட்டியலிலும் தக்காளி கிடையாது! பூரி ஜகந்நாதர் கோயில் மடப்பள்ளியிலும் உருளை, தக்காளி, மிளகாய்க்கு அனுமதி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்ததுதான். அதை நெய்யில் வறுத்துக் கோயில் பொங்கலில் போட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பணக்காரப் பண்டம் என்பதால் சலுகை கிடைத்திருக்கும் என்பது என் ஊகம்.

கல்யாணப் பந்தி இதற்கு நேர் எதிர். ஊருக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் அங்கேதான் பரிமாறுவார்கள். கோபி மஞ்சூரியனை வாழையிலையில் வாங்கிச் சாப்பிட்ட அதே மாமா, திவசத்தன்று குழம்பில் ஒரு மிளகாய் கிடந்தால் வீட்டையே இரண்டாக்கிவிடுவார். புதுச் சாப்பாடு நமக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது, எந்த இலையில் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

சரி, கேரட். பெரும்பாலான வீடுகளில் அதுவும் விலக்குதான். ஆனால் பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும். கொத்தவரங்காயில்கூட எல்லா வீடும் ஒத்துப்போவதில்லை. திவசம் செய்துவைக்கும் வாத்தியாரையும் பாட்டியையும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். இருவரும் வேறு வேறு சொன்னால் பாட்டி பக்கம் நில்லுங்கள், சமைக்கப்போவது அவர்தானே.