ரேஸ் டாக்குமெண்டரிகள் ஆபத்தை எப்படிக் காட்டுது? பஹ்ரைன் முதல் நம்ம சோழவரம் வரை

[திரை: இருட்டு. நடுவுல தீப்பிழம்பு. எழுத்து: பஹ்ரைன், 29 நவம்பர் 2020]

குரல்: ஃபார்முலா ஒன், முதல் சுற்று. ரொமெய்ன் குரோஷானோட கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்துல இரும்புத் தடுப்புல மோதுது. கார் ரெண்டா உடைஞ்சு தீப்பிடிக்குது. கிட்டத்தட்ட 27 விநாடி நெருப்புக்குள்ள இருந்தவர், தானாவே ஏறி வெளிய வர்றார். டாக்குமெண்டரிகள்ல இந்த இடத்துல மியூசிக் ஏறும், "அதிசயம்"னு ஒரு குரல் சொல்லும். அந்தச் சொல்லை ஒத்துக்கறதுக்கு முன்னாடி காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்க.

[திரை: அதே காட்சி. இடது ஓரத்துல ஒரு கார் மேல வட்டம்]

ஓரத்துல நிக்குதே, அதுதான் மெடிக்கல் கார். டாக்டர் இயன் ராபர்ட்ஸ் அதுலேர்ந்து இறங்கி நெருப்புக்கிட்ட ஓடறார். பத்து விநாடி சுமாருக்குள்ள அந்த வண்டி எப்படி அங்க வந்துச்சு? முதல் சுற்றுல எல்லா காருக்கும் பின்னாலயே அது ஓடி வரணும்னு ஏற்பாடு இருக்கு.

அந்த ஏற்பாடு 1978 செப்டம்பர்ல பிறந்தது. இத்தாலி மோன்சாவுல ரேஸ் கிளம்பின உடனே பல கார் மோதிக்கிச்சு. ரோனி பீட்டர்சனை சக டிரைவர்களே எரியற காருக்குள்ளேர்ந்து இழுத்துப் போட்டாங்க. கால்ல மோசமான முறிவு. ஃபார்முலா ஒன் ரேஸ்களோட டாக்டர் சிட் வாட்கின்ஸை போலீஸ் வளையம் கிட்ட விடல. ஆம்புலன்ஸ் வரவும் பத்து நிமிஷத்துக்கு மேல ஆச்சு. மறுநாள், எலும்பு முறிவால ரத்தத்துல கலந்த கொழுப்பு அடைச்சு, பீட்டர்சன் இறந்துட்டார். அடுத்த ரேஸ்லயே டாக்டரோட ஒரு கார் பின்னால ஓடணும்னு வாட்கின்ஸ் வற்புறுத்தினார், ஓடுச்சு. பஹ்ரைன் காட்சியைப் போடற டாக்குமெண்டரி இந்த 42 வருஷக் கதையையும் சேர்த்துச் சொல்லணும். பெரும்பாலும் சொல்றதில்ல, ஏன்னா பின்னால சும்மா ஓடி வர்ற காரை யாரும் குளோஸப்ல எடுத்து வைக்கல.

[திரை: கறுப்பு வெள்ளைப் புகைப்படம். ஸாண்ட்வோர்ட், 1973]

நெதர்லாந்துல நடந்த இந்த விபத்தை டிவியே நேரலையில காட்டுச்சு. கவிழ்ந்து எரியற காருக்குள்ள ரோஜர் வில்லியம்சன். தன் காரை நிறுத்திட்டு ஓடி வந்து, தனி ஆளா அதை நிமிர்த்தப் பார்க்கறார் டேவிட் பர்லி. டாக்குமெண்டரிகள் பர்லியோட வீரத்தைக் காட்டும், அது நியாயம்தான். ஆனா பக்கத்துல நிக்கற மார்ஷல்களை, அதாவது டிராக் ஓரத்துப் பாதுகாப்பு ஆட்களை, கோழைங்க மாதிரி காட்டறது தப்பு. அவங்க உடம்புல நெருப்பு தாங்கற உடை இல்ல. கையில இருந்தது ஒரே ஒரு தீயணைப்பான், அதுவும் காலியாயிடுச்சு. ரேஸை நிறுத்தாததால தீயணைப்பு வண்டியும் நேரத்துக்கு வரல. கடந்து போன டிரைவர்கள், அங்க நிக்கற பர்லியைத்தான் எரியற காரோட டிரைவர்னு நினைச்சுக்கிட்டாங்க. ஆள் தப்பிச்சாச்சுன்னு போயிட்டாங்க. உடை, தீயணைப்பான், ரேஸை நிறுத்தற சிவப்புக் கொடி: இந்த மூணைச் சொல்லாம பர்லியை மட்டும் காட்டினா, அந்த மரணம் விதின்னு ஆயிடும்.

1966, பெல்ஜியம் ஸ்பா. மழையில ஜாக்கி ஸ்டூவர்ட் கார் பள்ளத்துல விழுது. ஸ்டீயரிங் காலை நசுக்குது, உடம்பெல்லாம் பெட்ரோல். வேடிக்கை பார்க்க வந்தவர்கிட்ட ஸ்பானர் வாங்கி ஸ்டீயரிங்கைக் கழட்டி வெளிய எடுக்க 25 நிமிஷம். அதுக்கப்புறம் அவர் காருக்குள்ளயே ஒரு ஸ்பானரை டேப் போட்டு ஒட்டி வெச்சார். இன்னைக்கு விதிப்படி டிரைவர் எல்லா பெல்ட்டும் போட்ட நிலையிலேர்ந்து, ஸ்டீயரிங்கை மட்டும் கழட்டி, 7 விநாடிக்குள்ள வெளிய வந்து காட்டணும்.

கேமராவுக்குச் சுத்தமா சிக்காதது, தலையையும் கழுத்தையும் காக்கற ஹான்ஸ் டிவைஸ். மோதும்போது பெல்ட் உடம்பைப் பிடிச்சுக்கும், தலை மட்டும் முன்னாடி பாயும், மண்டையோட்டு அடிப்பகுதி முறியும். 1994 இமோலாவுல ரோலண்ட் ராட்ஸன்பெர்கருக்கு அப்படித்தான் முறிஞ்சது. ஹான்ஸ் டிவைஸ் தோள் மேல பெல்ட்டுக்கு அடியில உட்காரும், ரெண்டு பட்டையால ஹெல்மெட்டைப் பிடிக்கும். ஃபார்முலா ஒன்ல 2003லேர்ந்து கட்டாயம். அது வேலை செஞ்சா டிரைவர் நடந்து போயிடுவார், டாக்குமெண்டரிக்குக் காட்சியே கிடையாது.

[திரை: பழைய 8 மில்லிமீட்டர் படச்சுருள்]

இப்ப படத்தோட தந்திரம். வீட்டு 8 மில்லிமீட்டர் கேமரா பெரும்பாலும் விநாடிக்கு 16 அல்லது 18 பிரேம் (தனித்தனிப் படம்) எடுக்கும். 18 பிரேம் படத்தை டிவி வேகமான 25ல ஓட்டினா, 100 கிலோமீட்டர்ல போன கார் 139ல போற மாதிரி தெரியும். கண்டுபிடிக்க, காரைப் பார்க்காதீங்க. ஓரத்துல நடக்கற ஆளுங்களைப் பாருங்க. நடை படபடன்னு இருந்தா வேகம் ஏத்தியிருக்கு. அந்தச் சுருள்கள் பலதுல ஒலியே கிடையாது. நாம கேட்கற இன்ஜின் சத்தம், டயர் கிறீச்சல் எல்லாம் பின்னால சேர்த்தது.

[திரை: வரைபடம். மூலக்கடை, மாதவரம், செங்குன்றம், சோழவரம்]

இது நமக்கு எதுக்குன்னு கேட்டா, சென்னைக்கு வடக்க, செங்குன்றம் தாண்டினா சோழவரம். ரெண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம். இங்கிலாந்தோட சில்வர்ஸ்டோனும் அப்படி வந்த டிராக்தான். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்க பல வருஷம் ரேஸ் நடத்துச்சு. அப்புறம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிடுச்சு. பார்க்கப் போனவங்க பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் இன்னும் இருக்காங்க. உங்க தாத்தாவோ பெரியப்பாவோ அதுல ஒருத்தரா இருந்தா, யார் ஜெயிச்சாங்கன்னு கேட்கறதோட விட்டுடாதீங்க. ஜனங்க டிராக்லேர்ந்து எத்தனை அடி தள்ளி நின்னாங்க? நடுவுல என்ன தடுப்பு இருந்தது? ஆம்புலன்ஸ் எந்த வளைவுல நின்னது? தீயணைப்பான் யார் கையில? செல்போன்ல பதிவு பண்ணுங்க.

வீட்டுல படச்சுருள் இருந்தா பழைய புரொஜெக்டர்ல ஓட்டாதீங்க. காய்ஞ்ச பிலிம் ஓரத் துளையில கிழியும். வினிகர் வாடை வந்தா அது சிதைய ஆரம்பிச்சிருக்கு, மத்த சுருள்கள்கிட்ட வைக்காம தனியா எடுத்து வைங்க. பிரேம் பிரேமா ஸ்கேன் பண்ற இடத்துல கொடுங்க, "16 அல்லது 18, எந்த வேகத்துல எடுத்ததோ அதே வேகத்துல வேணும்"னு எழுதிக் கொடுங்க. புகைப்படம்னா பின்பக்கம் மெல்லிசா பென்சில்ல வருஷமும், நின்ன வளைவும் குறிச்சு வைங்க. பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும்.